மாசிக் கூண்டில் ஏறிய சூடு

ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே துப்பறியும் அலுவலகம் வைத்திருந்த பூமிநாதனைத் தேடி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காலிதா வந்தாள். உட்காரச் சொன்னதும் அழுதுவிட்டாள்.

"பெரியபட்டினத்துல மாசி போடுறோம் சார். சூரை மீனை அவிச்சு, புகைக் கூண்டுல வாட்டி அனுப்புறது. என்னைக் கட்டுன மாப்பிள்ளை ஆரம்பிச்ச தொழிலு. அவுக மவுத்தாகிப் போய்ச் சேந்து வருசமாச்சு. இப்ப வெள்ளிக்கிழமையானா, காலையில கூண்டைத் திறக்கையில மீனெல்லாம் கரிக்கட்டையாக் கெடக்கு. இன்னைக்கும் அப்படித்தான். மத்த நாள்ல ஒண்ணுமில்ல."

கூண்டின் சூட்டைத் தானியங்கிப் பெட்டி ஒன்று பார்த்துக்கொண்டது. எண்பது டிகிரி என்று வைத்துவிட்டால் போதும். சூடு இறங்கினால் காற்றாடியைச் சுழற்றி அடியிலுள்ள கரியை ஊதும், ஏறினால் நிறுத்திவிடும். அதில் கை வைக்கத் தெரிந்தவன் சின்னக்கருப்பன் ஒருவன்தான். முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயக் கூலியாக இருந்து, மழை பொய்த்துப் பிழைக்க வந்தவன்.

"அவந்தான் பெட்டியத் திருகிக் கெடுக்குறான்னு கொழுந்தன் சதக்கத்துல்லா அடிச்சுச் சொல்றாரு. சாயங்காலம் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாராம். எனக்கு மனசு ஒப்பல சார். அவன் பாவம் என் தலையில விழுந்துறக் கூடாது."

உதவியாளர் முத்தழகு அதற்குள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வழக்கு என்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

பெரியபட்டினத்தில் காலிதா வீட்டுக்குப் பின்னால் கூண்டு இருந்தது. பக்கத்துத் தென்னை நிழலில் சின்னக்கருப்பன் குத்தவைத்திருந்தான்.

"ஏலே, திருகுனியா இல்லையான்னு சாருகிட்ட நீயே சொல்லு!" என்று அதட்டினார் சதக்கத்துல்லா.

"திருகுனேன் சார். வாராவாரம் கருகுதேன்னு நேத்து எண்பதை எழுபதாக் கொறைச்சேன். விளக்கு வைக்கிற நேரத்துல ஊருக்குப் பஸ் ஏறிட்டேன். பெட்டி வந்ததுலேர்ந்து ராவுக்குக் காவல் கெடையாது. காலையில வந்து பாத்தா கருகிக் கெடக்கு."

"பாத்தீகளா, அவனே ஒத்துக்கிட்டான்! நமக்குப் போட்டியா மாசி போடுற புதுமடத்து ஏவாரிக்குக் கையாளு இவன்."

முத்தழகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர்தான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று அவள் மனம் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டது. பெட்டியை எட்டிப் பார்த்தாள். வைத்த எண் எழுபதாகவே இருந்தது. கூண்டின் கதவிலிருந்து வீட்டின் கொல்லைவாசல் வரைக்கும் மணலில் சாம்பலும் கரித்துணுக்கும் சிந்தியிருந்தன.

"சார், வீட்டுக்குள்ளேயிருந்து ஆள் வந்திருக்கு. கொழுந்தன்தான்!" என்று கிசுகிசுத்தாள்.

"அவசரப்படாதே. முதலில் ஒரு டீ குடிப்போம்" என்றார் பூமிநாதன்.

அடுப்படியில் புது கேஸ் அடுப்பு பளபளத்தது. ஜன்னல் திட்டில் சாம்பிராணிச் சட்டி, நேற்றைய சாம்பலோடு.

"விறகடுப்பு இல்லையா அம்மா?"

"நோன்புப் பெருநாளைக்கு இதை வாங்குனோம் சார். அதை இடிச்சுட்டோம்."

"மாசி கருக ஆரம்பித்தது எப்போது?"

"அதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து."

பூமிநாதன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லோரையும் கூண்டருகே அழைத்தார்.

"எழுபதாகக் குறைத்தும் கருகியிருக்கிறது. அப்படியென்றால் கோளாறு எண்ணில் இல்லை. பெட்டியை யார் தொட்டது என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். கதவை யார் திறந்தது என்று கேட்கவில்லை." குரல் தணிந்தது. "நேற்று சாம்பிராணிக்கு நெருப்பு எங்கேயிருந்து எடுத்தீர்கள், அம்மா?"

காலிதா சாதாரணமாகத்தான் பதில் சொன்னாள். "கூண்டுலேர்ந்துதான். வியாழக்கிழமை பொழுது சாஞ்சு மக்ரிப் தொழுதுட்டு, மாப்பிள்ளை பேருல சாம்பிராணி போட்டுப் பாத்திஹா ஓதணும்ல? முன்ன அடுப்புலேர்ந்து எடுப்பேன். இப்ப இங்கன வந்து நல்லாப் பழுத்த கங்காப் பாத்துப் பொறுக்குவேன். ரெண்டு கங்கு எடுக்குறதெல்லாம் ஒரு…"

பாதியில் நிறுத்திவிட்டாள்.

"திறந்த கதவால் உள்ளே சூடு இறங்கும். நெருப்பு அணைகிறது என்று நினைத்துப் பெட்டி காற்றாடியை முழு வேகத்தில் சுழற்றும். அத்தனை கரியும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். கதவை மூடியதும் காற்றாடி நின்றுவிடும், பற்றிய நெருப்பு நிற்காது. விடியவிடிய மீனை வறுக்கும். கதவு திறந்திருந்தால் ஊதாதே என்று இதே பெட்டியில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை யாரும் போட்டு வைக்கவில்லை."

சதக்கத்துல்லா தரையைப் பார்த்தார். காலிதா தென்னையடிக்குப் போனாள்.

"சின்னக்கருப்பா, என்னை மன்னிச்சுரு தம்பி."

"நீங்க என்ன செய்வீக, முதலாளியம்மா? ஆனா விடியக்காலையிலயே உங்க கொழுந்தனாரு எங்க ஊருக்குப் போன் போட்டுக் களவாணின்னு சொல்லிட்டாகளே. எம் பொண்டாட்டி தெருவுல எப்படி நடப்பா? நான் போய்ச் சொன்னா எவன் நம்புவான்?"

காலிதா வீட்டுக்குள் போய்த் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

"எந்திரி. உங்கூட நான் வாரேன். உங்க தெருவுல நின்னு, கெடுத்தவ நாந்தான்னு நானே சொல்றேன்."

"மச்சி, நீங்க போயி அங்கன…" என்று அண்ணியிடம் இழுத்தார் சதக்கத்துல்லா. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னக்கருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். இரண்டடி நடந்தவன் நின்றான்.

"அடுத்த வியாழக்கிழமை கதவைத் திறக்காதீகம்மா. பஸ் ஏறுறதுக்கு முன்ன காத்தாடிய நிறுத்திட்டு நானே கங்கு எடுத்து வச்சுட்டுப் போறேன். முதலாளி பேருக்குத்தானே ஓதுறீக."

காலையில் அழுததைவிட இப்போது காலிதா அதிகமாக அழுதாள். சதக்கத்துல்லாவின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமென்று காத்திருந்த முத்தழகு, அதை மறந்தே போனாள்.