நீயும் வா, அபி

அரியலூர் பஸ் ஜெயங்கொண்டத்தைத் தாண்டி, சிமெண்ட் லாரிகள் கிளப்பிவிட்ட வெள்ளைப் புழுதிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தபோது, குழந்தையை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றப்போன ஜெயசித்ராவுக்குத் திக்கென்றது.

பஸ் ஏறும்போது கல்லாகக் கட்டி வலித்த வலது மார்பு இப்போது தளர்ந்து கிடந்தது. ஜாக்கெட்டில் ஈரம் இல்லை. சேலையில் சிந்திய கறை இல்லை. முந்தானைக்குள் குனிந்து பார்த்தாள். காம்பின் ஓரத்தில் இரண்டு சின்னப் பல் தடம், இப்போதுதான் பதிந்ததுபோல் சிவந்திருந்தது.

குழந்தை ராஜராஜனுக்கு ஆறு மாதம். இன்னும் பல் முளைக்கவில்லை.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? வாந்தி வருதா?" என்றான் பக்கத்து சீட்டில் இருந்த தம்பி வீரமணி. அக்காவைச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றிவிடத்தான் அவன் கூட வந்தான். "இப்பவே இப்படின்னா கப்பல்ல என்ன பண்ணப்போற? அந்தமான் போய்ச் சேர மூணு நாளாம்."

"ஒண்ணுமில்லடா. வெயிலு."

"அத்தான்கிட்ட சொல்லிடு, அடுத்த தடவை பிளேன் டிக்கெட் போடச் சொல்லி. மச்சானுக்கு ஓசியில ஊர் சுத்திக் காட்டவும் சொல்லு."

அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. காலையில் முந்திரிக் கொல்லையில் தான் செய்தது நெஞ்சில் முள்ளாகக் குத்தத் தொடங்கியிருந்தது.

அவள் ஊரான மீன்சுருட்டிப் பக்கம் கைக்குழந்தையோடு ஊர் விட்டு ஊர் போகிறவள், ஒவ்வோர் இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் பிள்ளையின் பேரைச் சொல்லி, "வா, போலாம்" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைப்பாள். வாசல்படி, ஊர் எல்லை, பஸ் மாறும் இடம் என்று எங்கும் அப்படித்தான். இல்லாவிட்டால் உடம்பு மட்டும் கூட வரும், பிள்ளை அங்கேயே தங்கிவிடும் என்பார்கள். ஜெயசித்ராவின் அம்மா பச்சையம்மாள் நேற்று முழுக்க இதையே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "புள்ள பேரை மட்டும் சொல்லுடி. திரும்பிப் பாக்காத. வேற நெனப்பு வேணாம்."

அந்த வேறு நினைப்புக்கு ஒரு பேர் இருந்தது. அபிநயா. ராஜாவுக்கு முன்னால் பிறந்தவள். அவள் வயிற்றில் இருக்கும்போதே ஜெயசித்ராவின் கணவன் ராஜேஷ் போர்ட் பிளேருக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டான். மகளை அவன் பார்த்ததெல்லாம் போன் திரையில்தான். பதினாலு மாதம் ஓடி விளையாடியவளை மூன்று நாள் காய்ச்சல் கொண்டுபோனது. ராஜேஷ் ஊர் வந்து சேர்ந்தபோது, அவளைப் புதைத்த முந்திரி மரத்தடியில் மண் காய்ந்து வெடித்திருந்தது. அதன்மேல் குப்புற விழுந்து, "ஒரு தடவை கூடத் தூக்கலையே சித்ரா" என்று அவன் அழுத அழுகையை ஊரே நின்று பார்த்தது.

இப்போது அங்கே வீடு பார்த்துவிட்டான். குடும்பமாகப் போகிறார்கள். அபி மட்டும் கொல்லையில் தனியாக.

விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் அந்த மரத்தடிக்குப் போனாள். உதிர்ந்த முந்திரிப்பழங்கள் செம்மண்ணில் நசுங்கிப் புளித்த வாடை வீசியது. நாலு சொட்டுத் தாய்ப்பாலை மண்ணில் பீய்ச்சினாள். கும்பிட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். கால் வரவில்லை. மண்ணைத் தடவிக்கொண்டே, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அபி, நீயும் வாம்மா. அப்பாகிட்ட போலாம்."

அப்போது ஒன்றும் நடக்கவில்லை. ஓர் இலை கூட அசையவில்லை.

அரியலூர் ஸ்டேஷனில் வீரமணி குழந்தையை வாங்கியவன் ஒரு நொடி தடுமாறினான். "என்னக்கா, காலையில பஞ்சு மாதிரி இருந்தான். இப்ப நெல்லு மூட்டை மாதிரி கனக்குறான்?"

"தூங்குற புள்ள கனக்கத்தான்டா செய்யும்."

"தூங்கலியே. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்."

ராஜா முழித்துக்கொண்டுதான் இருந்தான். அவன் பார்வை அம்மா மேலோ மாமன் மேலோ இல்லை. ஜெயசித்ராவின் இடுப்புக்குப் பக்கத்தில், சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நின்றால் அதன் தலை எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் நிலைகுத்தி இருந்தது.

ரயில் வந்தது. ஏறுமுன் அவள் ராஜாவின் பேரை மட்டும் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள். கொசுவம் லேசாக இழுபட்டது. குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கப்பலில் அவளுக்குக் கீழ்த்தளத்தில் படுக்கை. ஜன்னல் இல்லாத கூடம், வரிசை வரிசையாக இரும்புக் கட்டில்கள், டீசல் நாற்றம், பெயிண்ட் நாற்றம், ஓயாமல் உறுமும் எஞ்சின். பக்கத்துக் கட்டில் புஷ்பவல்லி, பெரம்பலூர் எறையூர்க்காரி. போர்ட் பிளேரில் இட்லிக்கடை வைத்துப் பல வருடம் ஆகிறது. முதல் வேளைச் சாப்பாட்டிலேயே பழகிவிட்டாள். "இதுக்குப் பேரு சாம்பாராம். எங்க கரும்பாலையில இதைவிடக் கெட்டியா கழிவுத்தண்ணி ஓடும்" என்று சொல்லி, தன் டப்பாவிலிருந்து ஊறுகாயை அள்ளி வைத்தாள்.

ஜெயசித்ரா ஒரு பழைய சேலையை மேல் கட்டிலின் கம்பியில் தூளியாகக் கட்டியிருந்தாள். கப்பல் ஆடியது. தூளியும் ஆடியது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் தூளி மறுபக்கம் போனது.

மறுநாள் மத்தியானம், ராஜாவை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாடிப் போயிருந்தான். கன்னம் ஒட்டி, மணிக்கட்டில் கிடந்த வசம்பு வளையல் முழங்கை வரை வழிந்தது. ஆனால் மடி மட்டும் கனத்தது. கப்பல் டாக்டர் எடை பார்த்துவிட்டு, "வயசுக்கு ஜாஸ்தியாவே இருக்கான்மா, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

அப்போது மூக்கில் ஏறியது அந்த வாடை. டீசலையும் பெயிண்டையும் தள்ளிக்கொண்டு, புளித்த முந்திரிப்பழ வாடை.

படுத்திருந்த புஷ்பவல்லி புரண்டு பார்த்துச் சொன்னாள்: "கெட்டிக்காரிதான்டி நீ. ஒண்ணைத் தூளியிலயும் ஒண்ணை மடியிலயும் போட்டுச் சமாளிக்கிறியே. எனக்கு ஒண்ணை வளக்குறதுக்குள்ளயே உசுரு போச்சு."

ஜெயசித்ரா மெல்ல நிமிர்ந்தாள்.

தூளி கீழே தொய்ந்திருந்தது. உள்ளே ஏதோ சுருண்டு படுத்த கனம். சேலைத் துணியில் ஒரு முதுகின் வளைவு, அதன் முனையில் இரண்டு குதிகால். ஒரு குதிகால் உந்தியது. தூளி ஆடியது. கப்பல் ஆடாதபோதும் ஆடியது.

"அக்கா..." என்றாள். "எனக்கு ஒரு புள்ளதாங்கா."

புஷ்பவல்லி எழுந்து உட்கார்ந்தாள். தூளியைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. எழுந்து போய் ஒரு விரலால் துணியை விலக்கினாள்.

காலி. அடிமடிப்பில் மட்டும் ஒரு பிடி செம்மண், ஈரமாக.

ஜெயசித்ரா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். புஷ்பவல்லி அவளைத் திட்டவில்லை. தன் வளையலை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"செத்த புள்ளைக்கு உடம்பு ஏதுடி? கூப்புட்டா எங்க வந்து ஒண்டும்? இருக்கிற உடம்புலதான். ஒரு மடியில ரெண்டு தங்காது. எங்க ஊர்லயும் ஒருத்தி இப்படிக் கூப்புட்டா."

"அவ புள்ள என்ன ஆச்சு?"

"அதை விடு. நீ பண்ண வேண்டியதைக் கேளு. தண்ணியைத் தாண்டி மண்ணுல கால் வைக்கிறப்ப ஒரே ஒரு பேரைச் சொல்லு. சொன்ன புள்ள உன்கூட வரும். சொல்லாதது தண்ணியோட போயிடும். மனசைக் கல்லாக்கிக்க."

"தண்ணியோடன்னா... எங்க போவும் அக்கா?"

புஷ்பவல்லி தன் கட்டிலில் போய் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று முழுக்க ஜெயசித்ரா அதையே யோசித்தாள். கூப்பிட்டதும் வந்த பிள்ளை. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், எங்கிருந்து கூப்பிட்டாலும் கொலுசு குலுங்க ஓடி வருவாள். சொந்த மண்ணில் சும்மா படுத்திருந்தவளை எழுப்பி, அப்பாவைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டி, கரை தெரியாத கடலில் இறக்கிவிட வேண்டும். பெற்றவளே செய்ய வேண்டும். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். மடியில் கிடந்தது அழவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அழுகை வேறிடத்திலிருந்து வந்தது.

மெலிந்த அழுகை. ராஜாவின் அழுகை. அவளுக்குத் தெரியாதா? பசித்தால் முதலில் விக்குவான், பிறகுதான் அழுவான். விக்கல். அழுகை. தூளியிலிருந்து.

மடியைப் பார்த்தாள். ராஜாவின் முகம்தான். ராஜாவின் வசம்பு வளையல்தான். அவன் வாய் மூடியிருந்தது. அவள் விரலால் உதட்டை விலக்கினாள்.

கீழே இரண்டு பல். மேலே இரண்டு பல்.

அது சிரித்தது.

கரை தெரிந்தபோது கூடமே பரபரத்து எழுந்தது. தென்னை மரங்கள், பச்சை மலை, தகரக் கூரைகள். எல்லோரும் பெட்டியைத் தூக்கினார்கள். ஜெயசித்ரா தூளியை அவிழ்த்தாள். உதறவில்லை. அப்படியே பொட்டலமாகச் சுருட்டி, இடது தோளில் சார்த்திக்கொண்டாள். காலிச் சேலைதான். ஆனாலும் அதில் ஓர் இளஞ்சூடு இருந்தது. கழுத்தோரம் மூச்சு பட்டது. வலது இடுப்பில் மற்றது.

ராஜா. ராஜா. ராஜா. படிக்கட்டுக்கு வரும் வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரே பேர். ஒரே ஒரு தடவை. நாக்கின் நுனியில் தயாராக வைத்திருந்தாள்.

கப்பலுக்கும் துறைமுகச் சுவருக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கறுத்த தண்ணீர். அதன் மேல் இரும்புப் படிக்கட்டு. முன்னால் இறங்கிய புஷ்பவல்லி திரும்பி நின்று, "ம், சொல்லு" என்று தலையசைத்தாள். அவளுக்குப் பின்னால், கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டியபடி ராஜேஷ் ஓடி வந்துகொண்டிருந்தான்.

கடைசிப் படி.

வலது இடுப்பில் இருந்தது அவள் காது மடலைப் பிடித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, மெதுவாக, மெதுவாக நீவியது. தூக்கம் வரும்போது அபி செய்வது. அந்தக் காய்ச்சலின் கடைசி நாளிலும், விரலில் வலு போகும் வரை செய்தது.

ஜெயசித்ரா வாயைத் திறந்தாள்.

"அபி, வாம்மா."

தான் சொன்னதை அவள் தன் காதாலேயே கேட்டாள்.

தோளிலிருந்து சேலை வழுகியது. பிடிக்கப் பார்த்தாள். நுனி கைக்குள் வந்தது, கனம் தாங்காமல் நழுவிப் போனது. காலிச் சேலை விழுந்தால் தண்ணீரில் விரிந்து மிதக்கும். இது மிதக்கவில்லை. பொட்டலமாகவே விழுந்தது. கல் விழும் சத்தம். கீழேயிருந்து ஒரு விக்கல். பிறகு அழுகை.

"ராஜா! ராஜா! ஐயோ, ராஜா!"

"இங்கதான்டி இருக்கான் உன் ராஜா! ஏன் கத்துற?" ராஜேஷ் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. "பாருடி, என்கிட்ட அழாம வரான்! கழுத்தை எப்படிக் கட்டிக்கிறான் பாரு. எத்தனையோ நாள் பழகுன மாதிரி..."

புஷ்பவல்லி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயசித்ரா சுவரின் விளிம்பில் மண்டியிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். கறுப்பு. குமிழி. அழுகை ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதைக் கேட்டு அவளுடைய இரண்டு மார்பிலும் பால் சுரந்து, ஜாக்கெட்டை நனைத்து, சொட்டுச் சொட்டாகக் கடலில் விழுந்தது.

"அட, இதைப் பாரேன்!" பின்னால் ராஜேஷ் சிரித்தான். "யாருக்குடா கண்ணு டாட்டா காட்டுற?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு, அந்தக் கறுத்த தண்ணீரைப் பார்த்து, குழந்தை தன் சின்னஞ்சிறு உள்ளங்கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது.