பன்னிரண்டு டப்பா, ஒரே வயிறு

காலை பத்து மணிக்கு டாக்டர் தங்கமணி நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தினார். பன்னிரண்டு மல டப்பாவிலும் கொக்கிப்புழு முட்டை. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்று மாதம் முன்பு புழு மாத்திரை கொடுத்த அதே பன்னிரண்டு பேருடையவை.

"இருசம்மா மாத்திரைய வித்துட்டிருக்கா மேடம், வேற இன்னா?" என்றார் அரங்கநாதன். மலையில் வீடு வீடாகப் போய் டப்பா வாங்கி வருபவர். கள்ளக்குறிச்சி ஆய்வகத்தின் நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்க உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல் இடுக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.

வாசலில் நின்ற இருசம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. கல்வராயன் மலைக்காரி, மாத்திரை கொடுப்பது அவள் வேலை. திருடி என்று பெயர் வந்தால் வேலையும் போகும், ஊரில் தலைகாட்டவும் முடியாது.

"முழுங்கினாங்களான்னு ஒவ்வொருத்தரையும் நாக்க நீட்டச் சொல்லிப் பாத்துட்டுதான் வுட்டேன், டாக்டரம்மா."

தங்கமணி, முந்தாநாள் தாமே மலையேறி எடுத்து வந்த ரத்தத்தின் முடிவுகளைப் புரட்டினார். குடலில் புழு புகுந்தால் உடம்பு சும்மா இருக்காது. ஈசினோபில் என்ற வெள்ளணுக்களைச் சண்டைக்குத் திரட்டும். மாத்திரைக்கு முன்பு பன்னிரண்டு பேருக்கும் அது எக்கச்சக்கம். இப்போது அத்தனை பேருக்கும் கம்மி.

"அரங்கநாதன், உங்களுக்குக் கரும்பு வயல்தானே?"

"ஆமாங்க மேடம். மூங்கில்துறைப்பட்டு பக்கம்."

"தண்ணி பாய்ச்சறப்ப செருப்பு?"

"சேத்துல இன்னா செருப்பு?"

"கொக்கிப்புழு வெறுங்கால் வழியாத்தான் உள்ள போகும். விரலைக் குடுங்க, ரத்தம் பாக்கணும்."

அரை மணியில் முடிவு வந்தது. ஈசினோபில் ஏகத்துக்கு ஜாஸ்தி. ரத்தச்சத்து இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"மாத்திரையை வித்திருந்தா மலைக்காரங்க ரத்தத்துல இது குறைஞ்சிருக்காது," என்றார் தங்கமணி. "அவங்க வயித்துல புழு இல்ல. அப்ப டப்பாவுல இருக்கறது அவங்களோடது இல்ல. எல்லாத்துலயும் முட்டை ஒரே அளவு, அப்ப பன்னிரண்டும் ஒரே ஆளோடது. உங்களோடது. உங்களுக்குப் புழு இருக்குன்னு உங்களுக்கே தெரியாது."

அரங்கநாதன் தலை கவிழ்ந்தது. "மலை ஏற முடியல மேடம். மூச்சு வாங்குது. சொன்னா வேலைய வுட்டு எடுத்துடுவீங்கன்னு..."

"அதுக்கு இருசம்மா தலையில பழியைப் போடுவீங்களா?" தங்கமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களை ஏறவிடாம பண்ணினதே அந்தப் புழுதான். ரத்தத்தை உறிஞ்சிட்டு இருக்கு."

மாத்திரைப் பெட்டியை இருசம்மாளிடம் நீட்டினார். அவள் ஒன்றை எடுத்து, டம்ளர் தண்ணீரோடு அரங்கநாதனிடம் கொடுத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் விழுங்கினார்.

இருசம்மாள் நகரவில்லை.

"நாக்க நீட்டுங்க சார்," என்றாள்.