ஊறிப்போன கார்க்

மாலை 4.10. விஸ்கி ரசிகர் மன்றத் தலைவர் முதல் மிடறை நாக்கில் உருட்டினார், கண்ணை மூடினார், கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை.

வெளியே மூடுபனி. ஜன்னலில் வடிந்த மங்கல் வெளிச்சத்தில் ஆறு கிளாஸும் தேன் நிறத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. ஐம்பது வருஷம் பீப்பாயில் கிடந்த சிங்கிள் மால்ட் விஸ்கி. போன வருஷம் திறந்து ஆளுக்கொரு மிடறு சுவைத்துவிட்டு, மிச்சத்தை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

"இது அது இல்லை," என்றார் தலைவர். "நேத்துப் பொறந்த சரக்கு. யாரோ மாத்திட்டாங்க."

பெட்டிச் சாவி ரெண்டே பேரிடம். இருபது வருஷமாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவன். நாலு மாசம் முன்னால் ஒரு ஒயின் கடையிலிருந்து வந்து சேர்ந்த, எல்லாரும் 'திராட்சை' என்று கூப்பிடும் மனிதர் இன்னொருவர். பெட்டியைத் தூக்கி வந்தவன் தம்பி. அப்புறம் கேட்பானேன்? பழி அவன் தலையில் விழுந்தது. அஞ்சரைக்குள் உண்மை வராவிட்டால் போலீஸ் என்றார் தலைவர்.

4.40. தம்பி போன் செய்ததும் ஓடிவந்தாள் அக்கா. முப்பது வருஷம் காவல்துறையில் இருந்தவள். குடிப்பழக்கம் கிடையாது. எந்தச் சரக்கும் அவளுக்கு ஒன்றுதான். ஆனால் இந்த அறையின் வாசனை மட்டும் அவளையும் லேசாகக் கிறங்கடித்தது. மழையில் நனைந்த மரக்கடைக்குள் நிற்பது போல இருந்தது.

"பெட்டிக்குள்ள பாட்டில் எப்படி இருந்துச்சு?"

"நின்ன வாக்குலதான்கா. எப்பவும் அப்படித்தான்."

திராட்சையும் தலையாட்டினார். "ஆமா மேடம், நேராத்தான் நிக்கும்."

"கார்க்கை எடுத்தது?"

"நான்தான். தொட்டதுமே துண்டுதுண்டாப் பிஞ்சு வந்துடுச்சு," என்றான் தம்பி.

மிச்சக் கார்க்கை விரலால் நசுக்கிப் பார்த்தாள். அடிமுதல் நுனிவரை ஊறிச் சொதசொதவென்று இருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. மேஜையிலிருந்து திறக்காத விஸ்கி பாட்டில் ஒன்றை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"இதை அந்தக் காலி அலமாரியில வைடா."

நிறுத்தி வைத்தான். அவளே போய் எடுத்து வந்து திராட்சையிடம் கொடுத்தாள்.

"சார், நீங்க வைங்க."

அவர் பாட்டிலைப் பக்குவமாகப் படுக்க வைத்தார். லேபிள் மேலே தெரியும்படி திருப்பியும் விட்டார்.

5.15. அவள் படுத்திருந்த பாட்டிலைக் காட்டினாள்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்," என்றாள் அக்கா. "தம்பி சொல்லிக் கேட்டிருக்கேன், ஒயின் பாட்டிலைப் படுக்க வைப்பாங்க, கார்க் காயக்கூடாது. விஸ்கியைப் படுக்க வெச்சா, சரக்கு கார்க்கையே அரிச்சுடும். பெட்டியில நின்ன பாட்டிலோட கார்க் நுனிவரைக்கும் எப்படி ஊறும்? அது வேற எங்கேயோ நாள்கணக்கா படுத்துக் கிடந்திருக்கு. உங்க வீட்டுலதானே, சார்? மாத்தி ஊத்திட்டு, திருப்பிக் கொண்டுவர நேரம் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

திராட்சை நாற்காலியில் சரிந்தார். "பாதி இன்னும் இருக்கு," என்றார் மெதுவாக. "ஒரு சொட்டு ருசிச்சேன். அப்புறம் விட மனசு வரல."

தலைவர் தம்பியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். தம்பி அவரைப் பார்க்கவில்லை.

"அக்கா, நீயும் என்னைச் சந்தேகப்பட்டியா?"

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். வாய் வரவில்லை.

"கார்க்கைத் தொடுற வரைக்கும் பட்டேன்டா."

அவன் ஆறு கிளாஸையும் எடுத்துக் கழுவப் போனான். அவளும் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவன் நகரவும் இல்லை, திரும்பவும் இல்லை.