முதல் தர வெயில்

சூரியனை மனிதன் வென்றுவிட்டான் என்பதே இருபத்திரண்டாம் நூற்றாண்டின் தலையாய செய்தி. கோள்களை எண்ணியவன், அணுவைப் பிளந்தவன், கடைசியில் தன்னைப் பெற்ற நெருப்பையே திரை போட்டு மூடிவிட்டான். இதன் விளைவாக ஈரோட்டில் துவைத்த துணி நான்கு நாளாகியும் காய்வதில்லை.

சம்பூரணம் காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை, கொடியில் கிடக்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பது. நாற்றம் குறைவானதைக் கணவருக்கும், அதைவிடக் குறைவானதை மகளுக்கும் எடுத்து வைப்பாள். மிச்சம் உலர்பெட்டிக்குப் போகும். உலர்பெட்டிக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் மின்சாரம். மொட்டைமாடிக்கு மேலே வானம் கஞ்சித்தண்ணீர் நிறத்தில் இருந்தது. காலை ஆறு மணிக்கும் அதே நிறம்தான், நண்பகலிலும் அதேதான். பொழுது சாய்ந்தால் மட்டும் கஞ்சி கொஞ்சம் தீய்ந்துபோகும்.

பூமி கொதித்துக் கிடந்த காலத்தில், ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன், உயரத்தில் நுண்தூளைத் தூவி இந்த வான்திரையைப் போட்டார்கள். சூடு குறைந்தது. கூடவே வெயிலும் போய்விட்டது. அதுவரை குடை பிடித்து, மரத்தடி தேடி, வாசலில் தண்ணீர் தெளித்து வெயிலைத் திட்டிக்கொண்டே வாழ்ந்த மக்கள் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். பத்தே வருடத்தில் அதே மக்கள் வெயில் வேண்டும் என்று மறியல் செய்தார்கள். அரசு யோசித்து, கடலோரத்தில் ஏழு ஊர்களுக்கு மேலே மட்டும் திரையில் வெயிற்சாளரம் வைத்தது. குறித்த நாளில், குறித்த நேரத்தில் சாளரம் இருபது நிமிடம் திறக்கும். நேரத்தைப் பொறுத்து வெயிலுக்கு மூன்று தரம் உண்டு, சாயங்கால வெயில் கடைசித் தரம். ஒரு குடும்பத்துக்கு ஆயுளில் ஒரு முறை, ஒரே ஒரு ஊர்.

போய் வந்தவர்களைத் தெருவில் பார்த்ததுமே தெரிந்துவிடும். கறுத்திருப்பார்கள். கறுத்த மூக்கைக் காட்டிக்கொண்டு கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்காருவார்கள். எதிர்வீட்டு அங்கமுத்து, போய் வந்து எட்டு மாதமாகியும் இன்னும் செருப்பில்லாமல்தான் நடக்கிறார். செருப்பு வார் இருந்த இடம் வெளுத்தும் மற்ற இடம் கறுத்தும் இருப்பதை நான்கு பேர் பார்க்க வேண்டாமா?

பங்குனியில் சம்பூரணத்தின் வீட்டுக்கும் வெயில் முறை வந்தது. மாத முடிவுக்குள் ஊரைத் தெரிவு செய்ய வேண்டும், தவறினால் முறை போய்விடும் என்று கடிதம் சொன்னது. அதைக் கணவர் நாச்சிமுத்து நின்றபடியே உரக்கப் படித்தார். அவர் ஈரப்பதக் கட்டுப்பாட்டுத் துறையில் பொறுப்புத் துணை ஆணையர். வாசல் பெயர்ப்பலகையில் இடம் போதாததால் ‘பொறுப்பு’ மட்டும் விடுபட்டுவிட்டது.

மகள் துளசிக்கு எட்டு வயது. அன்று சாப்பிடும்போது கேட்டாள்.

“ஏனுங்கம்மா, அங்க போயி எனக்கு நிழல் இல்லீன்னா என்ன பண்றதுங்க?”

“எல்லாத்துக்கும் இருக்கும் சாமி.”

“ரூபிகா அப்படிச் சொல்லலீங்களே.”

ரூபிகா அங்கமுத்துவின் மகள், துளசியோடு ஒரே வகுப்பு. கடற்கரையில் தன் நிழல் தன்னைவிட நெட்டையாக விழுந்ததையும், தான் நடந்தால் அதுவும் கூடவே நடந்ததையும் வகுப்பில் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ‘எனக்கு இருக்குது. உனக்கு இருக்குமோ என்னமோ, எல்லாத்துக்கும் இருக்குமுன்னு யாரு கண்டா?’ என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து துளசிக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை. வீட்டில் விளக்கு என்று தனியாக எதுவும் கிடையாது, கூரை முழுவதும்தான் ஒளிரும். சம்பூரணம் ஒரு நாள் கைவிளக்கைப் பிடித்துச் சுவரில் மகளின் நிழலைக் காட்டினாள். துளசி சுவரையே பார்த்துவிட்டு, “இது தெருவுல எங்கூட நடந்து வராதுங்களே” என்றாள்.

“நீங்க பாத்திருக்கீங்ளாம்மா, உங்களோடதை?” என்று இப்போது சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்.

சம்பூரணம் வெயிலில் பார்த்ததில்லை. வான்திரைக்குக் கீழே பிறந்தவள். “நாம மூணு பேரும் சேந்தே பாத்துக்கலாம் கண்ணு” என்றாள். சொல்லிவிட்டு ஒரு முறை தன் காலடியைப் பார்த்துக்கொண்டாள்.

ஊர் தெரிவு செய்வது சின்ன வேலை என்றுதான் நினைத்திருந்தார்கள். வீட்டில் இருபது நாள் விளம்பரத் தாள்களை வைத்து மாரடித்தும் முடியவில்லை. கடல் உள்ளே வந்தபோது ஊர்கள் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு பின்வாங்கியிருந்தன. அதனால் மேலைக் கடலூர் என்று ஒன்று இருந்தது, அதற்கு மேற்கே அசல் மேலைக் கடலூர் என்று இன்னொன்று இருந்தது. ஒரு ஊரில் மணல் உண்டு, கடல் மூன்று கிலோமீட்டர் தள்ளி. இன்னொன்றில் கடல் வாசலிலேயே, மணல் அடுத்த நிதியாண்டில். எல்லா ஊரும் ‘இந்தியாவின் ஒரே உண்மையான கடற்கரை’. ஒவ்வொரு தாளையும் படிக்கும்போது அதுவே சரி என்று தோன்றும். அடுத்ததைப் படித்ததும் முந்தையது மோசடியாகத் தெரியும்.

கடைசி நாளன்று மூவரும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த வெயில் தெரிவு மையத்துக்குப் போனார்கள். மாலை ஐந்து மணிக்குக் கதவடைப்பு. அங்கே ஒரு தெரிவுப்பொறி இருந்தது. குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே வடிவமைத்தது.

“வணக்கம். தங்கள் குடும்பத்தின் வாழ்நாள் வெயிலைத் தெரிவு செய்ய உதவுவதில் பெருமை கொள்கிறேன். முதல் வினா. தாங்கள் கடலைப் பார்க்க விரும்புகிறீர்களா, அல்லது கடலின் முன்னிலையில் இருக்க விரும்புகிறீர்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்க?” என்றாள் சம்பூரணம்.

“ஒண்ணா இருந்தா எதுக்குத் தனித்தனியாக் கேக்கறாங்க?” நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். “முன்னிலைன்னே போடு. கேக்க கொஞ்சம் ஒசத்தியா இருக்குது.”

பொறி உடனே புதுத்தொண்டியைப் பரிந்துரைத்தது. எழுந்திருக்கப் போனவர்களை இரண்டாவது வினா உட்கார வைத்தது. அலைகளுடன் தங்கள் உறவு எத்தகையது?

“எங்களுக்கும் அலைக்கும் ஒறம்பரை ஒண்ணும் இல்லீங்க” என்றாள் சம்பூரணம்.

“பதிவு செய்துகொண்டேன்” என்ற பொறி புதுத்தொண்டியை எடுத்துவிட்டு அசல் மேலைக் கடலூரைக் காட்டியது. மணலை நினைவாகக் கருதுவீர்களா, பரப்பாகக் கருதுவீர்களா என்றது. பத்தொன்பதாவது வினா முடிவதற்குள் ஏழு ஊர்களையும் தலா இரண்டு முறை பரிந்துரைத்துவிட்டது. எந்த ஊரில் மணல், எந்த ஊரில் கடல் என்பது சம்பூரணத்துக்கு இப்போது சுத்தமாக மறந்துபோயிருந்தது. மணி நாலே முக்கால்.

துளசி நாற்காலியில் முட்டி போட்டு ஏறி, பொறியின் காதென்று தான் நினைத்த இடத்தில் வாயை வைத்தாள்.

“எந்த ஊருக்குப் போனா எனக்கு நிழல் இருக்குமுங்க?”

“நிழல் என்பது வெயிலின் இயல்பான உடன்விளைபொருள். ஏழு ஊர்களிலும் தனிக் கட்டணமின்றி வழங்கப்படும்” என்றது பொறி.

“பாத்தியா? எங்க போனாலும் உண்டு” என்றார் நாச்சிமுத்து.

“அதுக்கில்லீங்க மாமா” என்று சம்பூரணம் குரலைத் தாழ்த்தினாள். “ரூபிகா போன ஊருக்கே போயிட்டா என்னங்க? அந்தப் புள்ளைக்குத்தான் அத்தாத்தண்டி விழுந்துச்சாமே. அவங்க போனது சாயங்கால வெயிலுன்னு அங்கமுத்து சம்சாரம் சொன்னா.”

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. “சாயங்காலமா? அப்ப அது மூணாங் கிரேடு! பாத்தியா, எட்டு மாசமா வெறுங்காலோட நடக்கறான், கிரேடு மட்டும் வாயில வரலை.”

“எந்தக் கிரேடா இருந்தா என்னுங்க, நிழல் விழுந்துச்சல்ல?”

“ஏம்புள்ள, சாயங்கால வெயிலுன்னா என்ன? பகலெல்லாம் மத்தவன் காஞ்சுட்டு மிச்சம் வெச்ச வெயிலு. ஒரு துணை ஆணையர் குடும்பம் ஆயுசுக்கு ஒருக்கா போறது, அதுக்கா போகும்? மூணாங் கிரேடு வெயிலுக்கே அத்தாத்தண்டி நிழல்னா, ஒன்னாங் கிரேடுக்கு எத்தாத்தண்டி விழும்? கணக்குப் போட்டுப் பாரு!”

சம்பூரணம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எங்கேயோ இடித்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. வெயிலைப் பற்றி வாதாட அவளிடம் ஒரு கைப்பிடி வெயில்கூட இல்லை. நாச்சிமுத்து முதல் தரப் பொத்தானை அழுத்தினார். முதல் தரம் வழங்கும் ஊர் ஒன்றே ஒன்றுதான், மேலை நாகை. சித்திரை ஐந்தாம் தேதி, நண்பகல். ‘ஆதவன் சரியாகத் தங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே வீற்றிருக்கும் அரிய நாள்’ என்று சீட்டில் பொன்னெழுத்தில் இருந்தது. நேர் மேலே என்ற இடத்தை நாச்சிமுத்து இரண்டு முறை படித்துக் காட்டினார்.

சித்திரை ஐந்தாம் தேதி மேலை நாகைக் கடற்கரையில் நானூறு குடும்பங்கள் சுண்ணாம்புக் கோடு போட்ட கட்டங்களுக்குள் நின்றன. குடை, தொப்பி, பந்தல் மூன்றுக்கும் தடை. வெயில் எல்லா இடத்திலும் சமமாகப் படவேண்டும் என்பதால் கைகளை உடம்போடு ஒட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது முதல் தர விதி. வெயில் வழங்கல் ஆணையர் மேடையிலிருந்து மானுடத்தையும் கதிரவனையும் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். நாச்சிமுத்து சட்டையைக் கழற்றி மடித்து மனைவியிடம் கொடுத்தார். அங்கமுத்துவைப் போல மூக்கும் காலும் மட்டும் கறுத்துக்கொண்டு ஊர் திரும்புகிற ஆள் அவரில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சாளரம் திறந்தது.

முதலில் யாருக்கும் கண்ணே திறக்கவில்லை. உச்சந்தலையில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்தாற்போல் இருந்தது. “சுடுதுங்கோ!” என்று பின்வரிசையில் ஒருவர் புகார் சொன்னார். சம்பூரணம் கண்ணைக் கசக்கி விழித்தபோது கடல் பளீரென்று கிடந்தது. அவள் கடலைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தாள். துளசி குனிந்து தன் முன்னால் பார்த்தாள். திரும்பிப் பின்னால் பார்த்தாள். இடமும் வலமும் பார்த்தாள். செருப்பைச் சுற்றி ஒரு அழுக்கு வளையம் போல ஏதோ இருந்தது, அவ்வளவுதான். மணல் எல்லாப் பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது.

“அம்மா,” என்றாள் துளசி. “எனக்கு இல்லீங்க.”

சம்பூரணம் மகளைத் தோளைப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வைத்தாள், ஏதோ ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுபோல. இல்லை. தன் காலடியைப் பார்த்தாள். அங்கும் இல்லை. கட்டங்களுக்கு நடுவே பதிவேட்டோடு நடந்துகொண்டிருந்த உள்ளூர்ப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, நிழல் எங்கீங்க?”

“நிழலாக்கா? அது இதுல வராதே.” அந்தப் பெண் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். “சூரியன் தலைக்கு நேரா நின்னுச்சுன்னா அது காலுக்கு அடியிலயே சுருண்டுக்கும்க்கா. வருசத்துல இந்தப் பக்கம் ரெண்டே நாள்தான் இப்படி வரும், அதனாலதான் முதல் தரம். உங்களுக்கு நிழல் வேணும்னா மூணாந்தரம்ல போட்டிருக்கணும்? சாயங்காலம் பனைமரம் கணக்கா விழும். வர்றவங்க எல்லாரும் என்னையதான் கேக்குறீங்க, ஊரு எடுக்குறப்ப ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறீங்களே!”

சம்பூரணம் கணவரைப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்று நாச்சிமுத்துவுக்கு இருந்தது.

“சாமி, இங்க பாரு, அழுகாத” என்று அவர் விதிப்படி நிமிர்ந்து நின்றவாறே சொன்னார். “யாருக்குமே இல்லை பாரு. அந்தக் கம்பத்துக்கு இல்லை. மேடையில நிக்கறாரே ஆணையரு, அவருக்கே இல்லை. நம்மளுக்கு இல்லீன்னா என்ன?”

துளசி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கம்பத்தைப் பார்த்தாள். ஆணையரைப் பார்த்தாள். அப்படியே பார்வையை இறக்கி அப்பாவின் காலடிக்கு வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

“அப்பா, ஆடாம நில்லுங்க.”

அவள் மண்டியிட்டாள். அவருடைய கால் விரல்களுக்கு முன்னால், மணலில், பிறைபோல் ஒரு கறுப்பு கிடந்தது. விளிம்பு தெளிவாக இருந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் சிறுத்தது, விட்டால் பெருத்தது. துளசி விரலை அதற்குள் வைத்தாள். மணல் அங்கே மட்டும் சுடவில்லை.

“அம்மா, அப்பாவுக்கு இருக்குது! அப்பா, ஒரு அடி நடந்து காட்டுங்க.”

“வேண்டாம் கண்ணு, விதிய மீறினா...”

“ஒரே ஒரு அடிங்கப்பா.”

நாச்சிமுத்து ஒரு அடி எடுத்து வைத்தார். கறுப்பும் ஒரு அடி வந்தது. இன்னொரு அடி வைத்தார். அதுவும் வந்தது. “நடக்குதும்மா! கூடவே நடக்குது!” என்று துளசி கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டங்கள் கலைந்தன. காரைக்குடிக்காரர் ஒருவர் தன் இரண்டு பேத்திகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு பணிப்பெண்ணே குழந்தைகளை வரிசையில் விட வேண்டியதாயிற்று. சாளரம் மூட இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. துளசி வரிசைக்கு முன்னால் நின்று, “எங்கப்பாவோடதுங்க, ஒருத்தரு ஒருத்தராப் பாருங்க” என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது நாச்சிமுத்துவின் தொப்பையின் நிழல்.