வலது இண்டிகேட்டர்

சைபீரியாவின் யாகூத்ஸ்க் நகரில் குளிர்காலம் முழுக்க யாரும் வண்டியின் இன்ஜினை வெளியில் அணைப்பதில்லை. அணைத்தால் மறுபடி உயிர் வராது. அன்று பகல் பதினொரு மணிக்குக் கெஸ்கில் தன் பழைய ஜப்பான் வண்டியை என் ரிப்பேர் ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டு டிகிரி. கதவைச் சாத்துவதற்குள் வெள்ளை மூட்டம் தரையோடு ஊர்ந்து உள்ளே வந்துவிட்டது.

"வலது இண்டிகேட்டர், கவ்ரில் அண்ணே. நான் போடாமலே தானா எரியுது. குளிர்ல மட்டும்தான்."

"மழைக்குப் பண்ணின வண்டியை நீ இந்த ஊருக்குக் கொண்டாந்து ஓட்டுற. அது அழாம என்ன செய்யும்?"

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பான். அன்று சிரிக்கக்கூட இல்லை.

"நாளைக்கு அய்தாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். தொண்ணூறு கிலோமீட்டர். இந்த மூட்டத்துல நம்ம இண்டிகேட்டரைப் பார்த்துத்தானே பின்னாடி லாரி வருது?"

அய்தா அவன் மகள். ஆறு வயது. மூன்று வாரங்களுக்கு முன் நுரையீரல் காய்ச்சலோடு இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். பிழைத்துவிட்டாள்.

பல்பைக் கழற்றிப் பார்த்தேன். எர்த் வயரைச் சுரண்டி இறுக்கினேன். ஸ்டியரிங் அடியில் இருக்கும் ஸ்விட்சில் கிரீஸ் குளிருக்கு இறுகி ஒட்டிக்கொள்வதுண்டு. அதைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் இட்டேன். ஷெட்டின் சூட்டில் எல்லாமே ஒழுங்காக வேலை செய்தது. குளிரில் வரும் கோளாறைச் சூட்டில் வைத்துப் பிடிக்க முடியாது.

"வா, ஓட்டிப் பார்ப்போம்" என்றேன். "உங்க ஊர்ப் பாதையிலேயே."

"அந்தப் பக்கம் வேணாம் அண்ணே."

"நாளைக்கு அந்தப் பக்கம்தானே போகப்போற?"

அவன் கையுறையை மாட்டிக்கொண்டான்.

உறைந்த லேனா ஆற்றின் மேல் போட்ட பாதையில் அக்கரை சேர்ந்தோம். அதன் பிறகு சாலையும் வானமும் ஒரே வெள்ளை. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. டயருக்கடியில் பனி நெரிபடும் ஓசை மட்டும்.

நாற்பதாவது கிலோமீட்டர் பலகை மூட்டத்திலிருந்து வந்து மறைந்தது.

டிக். டிக். டிக்.

ஸ்விட்ச் நடுவில்தான் இருந்தது. வலப்பக்க அம்பு, இங்கே ஓரம் கட்டுவதற்குப் போடும் அம்பு, பச்சையாக மின்னியது. வெளியே பனியின் மேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்து விழுந்து அணைந்தது. நான் குனிந்து டாஷ்போர்டின் அடியில் கைவிட்டு ரிலேயைப் பிடுங்கினேன். அதுதான் அந்தச் சத்தத்தைப் போடும் பெட்டி. அது இல்லாமல் எந்த இண்டிகேட்டரும் மின்னாது.

ரிலே என் உள்ளங்கையில் சும்மா கிடந்தது.

டிக். டிக். டிக்.

சத்தம் காலியான குழியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"கெஸ்கில், இந்த இடத்துல மட்டும்தானா இது?"

"அய்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னைக்கு இங்க ஒருத்தன் நின்னான் அண்ணே. அவன் வண்டி பானெட் திறந்து கிடந்துச்சு. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினான். பின்னாடி அய்தாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு."

"நீ நிக்கலையா?"

"வலது இண்டிகேட்டரைப் போட்டேன். ஓரம் கட்டத்தான் போனேன். அவன் அதைப் பார்த்துட்டுச் சிரிச்சான் அண்ணே. கையை இறக்கிட்டு வண்டிப் பக்கம் நடந்து வந்தான்." கையுறையால் முன்கண்ணாடியைத் துடைத்தான். "அப்புறம் அணைச்சுட்டேன். போயிட்டேன்."

எங்கள் மண்ணில் குளிர்காலச் சாலையில் நிற்பவனைத் தாண்டி எவனும் போகமாட்டான். நிற்பவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் சரி. மறுநாள் அந்த மனிதனைக் கண்டெடுத்த செய்தி எனக்கும் வந்திருந்தது. நடக்கும் வாக்கில், ஒரு கால் முன்னால் வைத்தபடி உறைந்திருந்தானாம்.

ஹீட்டரிலிருந்து சில்லென்ற காற்று வரத் தொடங்கியது.

இன்ஜின் ஒருமுறை இருமியது.

"நிறுத்து" என்றேன்.

"நிறுத்தினா வண்டி செத்துடும்."

"நிறுத்தலேன்னாலும் சாகும். ஓரம் கட்டுடா."

கட்டினான். நாங்கள் முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பனியில் காலடிகள். அவசரமே இல்லாத காலடிகள்.

பின்கதவு திறந்தது. வண்டி பின்பக்கம் லேசாக அமிழ்ந்தது. கதவு சாத்திக்கொண்டது.

டிக் சத்தம் நின்றது. ஹீட்டர் சுடத் தொடங்கியது.

கெஸ்கில் வண்டியைத் திருப்பினான். இருவரும் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஆற்றைத் தாண்டும்போது, தலையைத் திருப்பாமலே, "எங்க இறங்கணும்னு சொல்லுங்க, கொண்டுபோய் விட்டுடறேன்" என்று கிசுகிசுத்தான். இரும்பும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை மட்டும் வந்தது.

நகரின் முதல் முக்கில் இடது அம்பு தானாக மின்னியது. ரிலே இன்னும் என் மடியில் இருந்தது.

"திரும்பு" என்றேன். "அவனை அவன் வீட்டுல விட்டுடுவோம். அத்தோட முடிஞ்சுடும்."

இடது. வலது. மறுபடி வலது. செத்தவனின் மனைவிக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கெஸ்கிலின் மூச்சு மாறியது.

"அண்ணே, இந்தத் தெருவுல வீடே கிடையாது."

பிரேக்கை மிதித்தான். வண்டி கேட்கவில்லை. குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வாசலில்தான் அது நின்றது. அங்கே மட்டும் மூட்டம் விலகியிருந்தது.

பின்கதவு திறந்தது. வண்டி மேலே எழும்பியது.

கெஸ்கில் அண்ணாந்து மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னலைப் பார்த்தான். "அய்தா" என்று கத்திக்கொண்டு, தொப்பிகூட இல்லாமல் ஓடினான்.

நான் வண்டியிலேயே இருந்தேன். அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா ஜன்னல்களும் உள்ளே பனி பிடிக்காத மூன்றடுக்குக் கண்ணாடி. வார்டு விளக்குகள் தெளிவாகத் தெரிந்தன. கெஸ்கில் இன்னும் படிக்கட்டில்தான் இருந்திருப்பான்.

அந்த ஒரு ஜன்னலில் மட்டும், உள்பக்கமாக, கீழ் மூலையிலிருந்து வெள்ளையாக உறைபனி ஏறத் தொடங்கியது.