அருகில் இருக்கும் புள்ளி

அவள் இன்னும் மவுஸைத் தொடவே இல்லை. அதற்குள் திரையில் ஒரு புள்ளிக்குப் பெயர் விழுந்திருந்தது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், குழாய்கள் ஓடும் தாழ்ந்த கூரைக்குக் கீழே அவளுக்கு வேலை. நர்சுகள் வைத்த பட்டப்பெயர் புள்ளியக்கா. காய்ச்சல் வார்டின் அட்டவணையைப் படமாக்கினால் ஒவ்வொரு நோயாளியும் ஒரு புள்ளி: சூடு ஏற ஏற மேலே, நாடித்துடிப்பு கூடக்கூட வலப்பக்கம். கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் புள்ளியின் மேல் மவுஸால் கூட்டல் குறியைக் கொண்டுபோய் அழுத்தி விரலை எடுத்தால், அட்டவணையிலிருந்து பெயர் வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழே இடப்பக்கம், பத்திரமான கூட்டத்துக்குள், அவள் தம்பியும் ஒரு புள்ளி. "நாளைக்கு வீட்டுக்கு வந்துருவேன். உன் சமையலை நினைச்சாதான் பயமா இருக்கு" என்று காலையில்தான் வம்பிழுத்திருந்தான்.

இந்த எழவெடுத்த இயந்திரம் எப்போதும் இப்படித்தான் என்று திட்டிக்கொண்டாள். தானாகப் பெயர் விழுந்த அந்தப் புள்ளி மெல்ல மங்கி மறைந்தது. பெயர் மட்டும் நின்றது. தலைக்கு மேலே, கூரைக்கு அப்பால், ஒரு ஸ்ட்ரெச்சரின் சக்கரங்கள் கிறீச்சிட்டபடி லிஃப்ட் பக்கம் உருண்டு போயின. மருந்து நெடியோடு ஈரத்துணி வாடையும் குழாய் வழியே இறங்கியது.

அடுத்த புள்ளிக்கு அவளே பெயர் போட்டாள். அதுவும் மறைந்தது. மறுபடி சக்கரங்கள். கூடவே யாரோ ஒரு பெண்ணின் அலறல்.

வார்டுக்குப் போன் செய்தாள்.

"சிஸ்டர், மேல என்ன ஆச்சு?"

"அடுத்தடுத்து ரெண்டு பேர் போயிட்டாங்க புள்ளியக்கா. நல்லாப் பேசிக்கிட்டு இருந்தவங்க."

பெயர்களைக் கேட்டாள். நர்ஸ் சொன்ன இரண்டும் திரையில் இருந்தன.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கூட்டல் குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. கீழே. இடப்பக்கம். தம்பியை நோக்கி.

ஐயோ! பாய்ந்து மவுஸைப் பிடித்து, வலப்பக்க மேல் மூலைக்கு, அவனுக்கு எட்டாத தூரத்துக்குக் குறியை இழுத்தாள். அங்கே ஒரே ஒரு புள்ளி. சாகக் கிடக்கும் யாரோ ஒரு கிழவர். ஒரு உயிரை வாங்கிக்கொண்டு இது அடங்கிவிடாதா? அழுத்தினாள். விரலை எடுக்கத்தான் மனம் வரவில்லை. அவரும் யாருக்கோ அப்பாதானே.

இடது கையால் சுவரிலிருந்து மின்வயரைப் பிடுங்கிப் போட்டாள். மேசை விளக்கு அணைந்தது. திரை அணையவில்லை.

செல்போன் அடித்தது. தம்பி.

"அக்கா... திடீர்னு ரொம்பக் குளிருது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. கொஞ்சம் மேல வாயேன்."

கீழே, கூட்டத்திலிருந்து ஒரு புள்ளி பிரிந்தது. ஏறியது. வலப்பக்கம். இன்னும் மேலே. அவனுக்கு எட்டாது என்று அவள் தேடிப் பிடித்த மூலைக்கே. கிழவரின் புள்ளிக்கும் கூட்டல் குறிக்கும் நடுவில் வந்து நின்றது.

விரலை எடுக்கும்போது எது மிக அருகில் இருக்கிறதோ, அதற்குத்தான் பெயர் போகும். குறியை நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டா கண்ணு. கையை எடுக்க முடியலடா."

விரல் மரத்துவிட்டது. இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. திரையில், அந்தப் புள்ளியின் பக்கத்தில், அவன் பெயரின் முதல் எழுத்து தெரிந்தது.