கசாப்புக்காரனுக்கு ஒரு சிவப்பு அங்கி

"கொல்லு! அந்த நாயைக் கொல்லு!"

சனிக்கிழமை காலை பதினொரு மணி. நாக்ஸ்வில் டெலிவிஷன் ஸ்டுடியோ. குஸ்தி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதற்குள் முதல் வரிசையில் இருந்து அந்த அலறல்!

அலறியவள் மிஸஸ் மேபெல் ஸ்டப்ஸ். வயது ஐம்பத்தாறு. ஞாயிறு தவறாமல் சர்ச்... சனி தவறாமல் குஸ்தி!

போலீஸ்காரர் லீராய் அவள் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"ஊசியைக் குடுங்கம்மா."

"எந்த ஊசி தம்பி?"

"தொப்பியில சொருகியிருக்கீங்களே, அதேதான். போன மாசம் அந்தக் கசாப்புக்காரன் தொடையில ஒரு அங்குலம் இறக்கினீங்க. மறந்து போச்சா?"

"அவன் நம்ம டேல் கண்ணுல உப்பை அள்ளி வீசினானே... அதை மட்டும் யாரும் கேக்க மாட்டீங்க!"

"ஊசி!"

முணுமுணுத்துக் கொண்டே உருவிக் கொடுத்தாள். பல் பிடுங்கிய பாம்பாக உட்கார்ந்தாள்.

லீராய் திருப்தியாகப் போனார். பாவம்! இருபது வருட சர்வீஸில் அவர் செய்த மிகப் பெரிய தப்பு அதுதான்.

'கசாப்புக்காரன்' என்பது மேடைப் பெயர். நிஜப் பெயர் வர்ஜில் டாக்கெட். வயது நாற்பத்திரண்டு. தொழில்... தோற்பது!

அமரில்லோவில் தோற்றான். பென்சகோலாவில் தோற்றான். சார்லட்டில் வாரத்துக்கு ஐந்து நாள் தோற்றான். ஒரு வட்டாரத்து ஜனங்களுக்கு அவன் முகம் அலுத்ததும் மூட்டையைக் கட்டுவான். அடுத்த வட்டாரத்துக்குப் போய், வேறு முதலாளியிடம், புதிதாகத் தோற்பான். ஜெயிக்கப் போவது யார் என்பதை அந்தந்த முதலாளி முன்கூட்டியே முடிவு செய்வார். பத்தொன்பது வருடத்தில் ஒரு முதலாளியின் வாயிலும் வர்ஜிலின் பெயர் வரவில்லை.

டேல் ஸ்வாஃபர்டுக்கு வந்தது!

இருபத்தெட்டு வயது. தொழிலுக்கு வந்து மூன்றே வருடம். தங்க நிறத் தலைமுடி. சிரித்தால் பெண்கள் மயங்கினார்கள். இடுப்பில் சாம்பியன் பெல்ட்! போன சனிக்கிழமை கூட டேல் ஒரு குத்து விட, வர்ஜில் செத்தவன் மாதிரி விழுந்து, ஸ்ட்ரெச்சரில் போனான். ஸ்டுடியோவே எழுந்து நின்று கைதட்டியது. டேலுக்கு!

வர்ஜிலுக்கு வயிறு எரிந்தது. பாதி வயிறு எரிந்தது பெல்ட்டுக்காக. மீதிப் பாதியைப் பற்ற வைத்தது வியாழக்கிழமை.

வியாழன் மத்தியானம். ஆற்றங்கரைப் பன்றிக்கறிக் கடையின் பின்புறம் டேலின் பச்சை பான்டியாக் கார். பக்கத்தில் டேல். அவனுக்கு எதிரே ஒரு பெண். இரண்டு கைகளாலும் அவன் மார்பைச் சுற்றி வளைத்திருந்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.

அந்தப் பெண் ஒலீட்டா.

மிஸஸ் ஒலீட்டா டாக்கெட்!

வர்ஜில் சாலையின் எதிர்ப்பக்கம் காருக்குள் இருந்தான். இறங்கிப் போய் டேலின் சட்டையைப் பிடித்திருக்கலாம். முடியாது! வில்லனும் ஹீரோவும் பொது இடத்தில் சேர்ந்து நிற்கக்கூடாது. ஒரே காரில் போகக்கூடாது. ஒரே கடையில் சாப்பிடக்கூடாது. நிஜமான பகை என்று ஊர் நம்ப வேண்டும். வெளியாள் யாராவது பக்கத்தில் வந்தால், 'பொத்திக்கோ!' என்று ஒரே ஒரு சொல் பறக்கும். அந்தத் தொழிலில் அதுதான் வேதம். மீறினால் அன்றைக்கே சீட்டுக் கிழியும்.

பல்லைக் கடித்துக் கொண்டு காரைத் திருப்பினான். சாயங்காலம் வீட்டில் கேட்டான்.

"இன்னிக்கு எங்கே போயிருந்தே?"

"எங்கேயும் போகலையே... வீட்லயேதான் இருந்தேன்."

"நாள் பூரா?"

"நாள் பூரா! ஏன் ஒரு மாதிரி பார்க்கறே? பீன்ஸ் ஆறுது, சாப்பிடு."

வர்ஜில் சாப்பிட்டான். டேல் அந்த நிமிடமே செத்துவிட்டான். சேதி மட்டும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

சனிக்கிழமை. குஸ்திக்கு முன்னால், வில்லன்கள் உடைமாற்றும் அறை. ரெஃப்ரி பர்விஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"கேட்டுக்கோ மாப்ளே... பத்தாவது நிமிஷம் நீ டேலை இரும்புக் கம்பத்துல மோத விடறே. அவன் குப்புற விழுவான். நான் குனிஞ்சு பிளேடை அவன் கையில குடுப்பேன். நெத்தியில ஒரு கீறல்... ரத்தம்!"

"அப்புறம் வழக்கம் போல அவன் எழுந்து என்னைத் துவைப்பான். அதானே?"

பர்விஸ் கண்ணடித்தான். "அதை உள்ளே போய்ப் பார்த்துக்கோயேன்!"

"என்னடா இளிப்பு?"

"ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல! ஹீரோ அறைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன். சாமானைப் பார்த்துக்கோ."

சாமான், பர்விஸ் வைத்துவிட்டுப் போன சோப்பு டப்பாவுக்குள் இருந்தது. நகத்தளவு பிளேடுத் துண்டு. முனை மட்டும் வெளியே தெரிய, மீதியைச் சுற்றி டேப்.

வர்ஜில் ஜோப்பில் இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தான். மச்சானின் புகையிலைத் தோட்டத்தில் இருந்து கொண்டு வந்த பூச்சி மருந்து. லேபிளில் மண்டை ஓடு சிரித்தது.

முனையில் பூசினான். டப்பாவை மூடினான்.

'எழுந்திரு டேல், எழுந்திருன்னு கத்துவாங்க... நீ எழுந்திருக்க மாட்டே. நல்லா நடிக்கிறான்னு கைதட்டுவாங்க தம்பி! அப்பத் தெரியும் என் பொழப்பு!'

மணி அடித்தது.

"கசாப்புக்காரா, உன் கறியை நாய் கூடத் தின்னாது!" மிஸஸ் ஸ்டப்ஸ் முதல் வரிசையில் இருந்து வாழ்த்தினாள்.

எட்டாவது நிமிடம். டேலின் தலை வர்ஜிலின் அக்குளில் சிக்கியிருந்தது. வெளியே பார்க்கக் கொலைப் பிடி. உள்ளே ஒரு முயல் கூடத் தப்பித்துப் போகலாம், அவ்வளவு லேசு. அந்த நிலையில்தான் அவர்கள் ரகசியம் பேசுவார்கள்.

"அண்ணே..." டேல் கிசுகிசுத்தான். "இன்னிக்கு நீங்கதான் ஜெயிக்கறீங்க."

"என்ன உளர்றே?"

"நிஜமாண்ணே! நான் அடுத்த வாரம் டெக்சாஸ் போறேன். பெல்ட்டை யாருக்குக் குடுக்கலாம்னு முதலாளி கேட்டாரு. வர்ஜில் அண்ணனுக்குத்தான்னு சொல்லிட்டேன். மூணு வருஷத்துல எனக்கு ஒரு சிராய்ப்பு கூட வராமப் பார்த்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தானே!"

வர்ஜிலின் பிடி தளர்ந்தது.

"பிடிங்கண்ணே... ஜனங்க பார்க்கறாங்க! கடைசி வரைக்கும் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். நிஜமா அழணும் நீங்க! அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்."

"அண்ணிக்கா...?"

"உங்களோட பேச முடியாது, அதான் அவங்களோட பேசினேன். சாம்பியனுக்கு சிவப்பு அங்கி தைக்கிறாங்க. உங்களை அளந்தா விஷயம் வெளியே வந்துடும். நாம ரெண்டு பேரும் ஒரே சைஸ்... கடைக்குப் பின்னால வச்சு என் மாரைச் சுத்தி டேப் பிடிச்சு அளந்தாங்க. ஒரே கிச்சுகிச்சு!"

வர்ஜிலுக்கு உலகம் சுற்றியது.

டேப்... அளவெடுக்கிற டேப்!

'பாவி! என்ன காரியம் செய்துவிட்டேன்!'

"டேல்... இன்னிக்கு வெட்டிக்காதே!"

"சும்மா இருங்கண்ணே! ரத்தம் சிந்தி விட்டுக் குடுத்தாத்தான் பெல்ட்டுக்கு மரியாதை. உங்களுக்காக நான் இது கூடச் செய்ய மாட்டேனா?"

சொல்லிவிட்டு அவனே திமிறினான். அவனே ஓடினான். அவனே கம்பத்தில் மோதிக் குப்புற விழுந்தான்!

வர்ஜில் ரெஃப்ரியின் மேல் பாய்ந்தான். "பர்விஸ், குடுக்காதே!"

"குடுத்தாச்சு மாப்ளே."

டேலின் வலது கை நெற்றியை நோக்கி நகர்ந்தது. விரல்களுக்கு இடையில் முனை மினுக்கியது. நெற்றிக்கு ஒரு அங்குலம்... அரை அங்குலம்...

விஷம் என்று கத்தலாம். தலைக்கு மேலே மைக் தொங்கியது. கத்தினால் கிழக்கு டென்னசி முழுக்கக் கேட்கும். டேல் பிழைப்பான். வர்ஜில் ஜெயிலுக்குப் போவான்.

ஓங்கி மிதித்தான்!

பத்தொன்பது வருடத்தில் அவன் மிதித்த முதல் நிஜ மிதி. டேலின் மணிக்கட்டு மளுக்கென்றது. பிளேடு எகிறிக் கயிறுகளுக்கு வெளியே பறந்தது.

"ஆ...! அண்ணே, என்ன இது?"

"மன்னிச்சுடுடா... மல்லாந்து படு! படுடா!"

டேல் படுத்தான். வர்ஜில் அவன் மேல் விழுந்தான். பர்விஸ் தரையைத் தட்டினான்.

ஒன்று... இரண்டு... மூன்று!

கையில் பெல்ட்டை வாங்கியதும் வர்ஜில் அழுதான். குலுங்கிக் குலுங்கி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். டேல் விரும்பியது போலவே எல்லாம் நிஜக் கண்ணீர். காகிதக் கோப்பைகளும் பாதி தின்ற ஹாட் டாக்குகளும் அவன் மேல் வந்து விழுந்தன. அதெல்லாம் அவனுக்குப் பூமாரி!

பெல்ட்டை அணைத்தபடி கயிற்றுக்கு வெளியே குனிந்து பார்த்தான்.

பிளேடைக் காணோம்.

நாற்காலிகளுக்கு அடியில் எங்கேயாவது கிடக்கும். கூட்டம் கலைந்ததும் தேடி எடுத்து ஆற்றில் எறிந்துவிடலாம். அது விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

ஒரே ஒருத்தியைத் தவிர!

லீராய் முன்னால் வழி விலக்க, வர்ஜில் கூட்டத்துக்கு நடுவே நடந்தான். நடைபாதையின் கோடியில், திரை ஓரமாக ஒலீட்டா. கைகளில் சிவப்பு அங்கி!

இடது தோளில் சுருக்கென்றது.

'ஊசி' என்று நினைத்தான். குத்து வாங்கி வாங்கி மரத்த தோல். இத்தனை நாள் வலித்தது. இன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

ஒலீட்டா அங்கியை அவன் தோளில் போர்த்தினாள். சிவப்பில் சிவப்பு தெரியவில்லை.

"அளவு சரியா இருக்கா?"

"கச்சிதம்."

"வியாழக்கிழமை நீ கேட்டப்போ பொய் சொல்லிட்டேன். கோபமா?"

"ஒலீட்டா... நான்தான்... என்னை மன்னிச்சுடு."

"எதுக்குய்யா? ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? வர்ஜில்... வர்ஜில்!"

கால்கள் மடங்கின. சாம்பியன் சரிந்தான். உதட்டில் நுரை. பெல்ட்டைப் பிடித்த கை மட்டும் விடவில்லை.

ஸ்டுடியோ முழுக்கக் கைதட்டல்!

பர்விஸ் ஓடி வந்து குனிந்து பார்த்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக உயர்த்தினான். 'நடிப்பில்லை, நிஜம்' என்பதற்கு அவர்கள் வைத்திருந்த ரகசிய அடையாளம். ரகசியம் என்பதால் ஜனங்களுக்குப் புரியவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

டேல் வீங்கிய மணிக்கட்டோடு ஓடி வந்தான். வேதத்தை மீறினான். கேமரா பார்க்க, கிழக்கு டென்னசி பார்க்க, வில்லனை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு அழுதான்.

"அண்ணே! கண்ணைத் திறங்கண்ணே!"

திறக்கவில்லை.

லீராய் நாடி பார்த்தார். அங்கியை விலக்கினார். தோளில் நீளமாக ஒரு கீறல். முதல் வரிசைப் பக்கம் திரும்பினார்.

"மிஸஸ் ஸ்டப்ஸ்... உங்க ஊசி என் பையில இருக்கு. இவனை எதால கீறினீங்க?"

"இதாலதான்!" பெருமையாக உள்ளங்கையை விரித்தாள். டேப் சுற்றிய பிளேடுத் துண்டு! "பறந்து வந்து என் செருப்புக்குப் பக்கத்துல விழுந்துச்சு. கர்த்தரே அனுப்பி வச்சாரு!"

"ஐயோ... அந்த ஆள் செத்துட்டாம்மா!"

மிஸஸ் ஸ்டப்ஸ் அலட்டிக் கொள்ளவில்லை. தொப்பியைச் சரி செய்து கொண்டாள்.

"போங்க தம்பி... போன சனிக்கிழமையும்தான் செத்தான்!"